முடிவு நல்லதோ? கொழும்பில் இரவல் போன காதல் கதைகள்

என் அலுமாரியில் ஒரு காதல் நாவல் இருக்கிறது. அட்டை கிழிந்துபோய்ப் பல வருடம். பழைய கலண்டர் தாளால் உறை போட்டு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மிஞ்சிய வெள்ளை இடத்தில் பென்சிலாலும் பேனையாலும் போட்ட ஒன்பது அடையாளங்கள். ஒருவர் தன் பெயரின் முதலெழுத்தை எழுதியிருக்கிறார். ஒருவர் சின்னதாக ஒரு பூ வரைந்திருக்கிறார். இன்னொருவர் வெறும் சரி போட்டிருக்கிறார். வாசித்து முடித்தவர்கள் வைத்த குறிகள் அவை. இந்த நாவல்களின் தலைப்புகளில் நிலவும் நெஞ்சமும் தென்றலும் மாறி மாறி வரும். ஆறு மாதம் கழித்து அதே புத்தகம் வேறொரு கை வழியாகத் திரும்பி வந்தால், கடைசிப் பக்கத்தைப் பார்த்து "இது நான் வாசிச்சது" என்று அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். முதல் குறி என் சின்னம்மாவுடையது. ஏழாவது குறிக்குரியவர் இப்போது ரொறொன்ரோவில் பேரப்பிள்ளை பார்க்கிறார்.

கொழும்பில் தமிழ்க் காதல் நாவல் எப்படி உயிர்வாழ்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பக்கம்தான். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் இந்த நாவல்களை வாங்கினோம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு நூலகம் உண்டு. மருதானை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் கிளறினால் ஆங்கிலக் காதல் நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆனால் ஒரு பிரதி கடையை விட்டு வெளியேறிய பிறகு எத்தனை வீடு ஏறி இறங்கியது என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. இறக்குமதி நின்ற காலத்திலும், போர்க் காலத்திலும், 2022இல் நம் பணம் பெறுமதி இழந்தபோதும் இந்த வாசிப்பு அறுந்துபோகாமல் இருந்ததற்கு பிரதிகள் அப்படி வீடு வீடாக ஏறி இறங்கியதே காரணம். இரவல் கொடுப்பதும், திருப்பி வாங்கும்போது வாசலில் நின்று அரைமணி நேரம் கதைப்பதும் சேர்ந்துதான் ஒரு காதல் நாவல் வாசித்து முடிகிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த வகைக்குத் தமிழில் புழங்கும் பெயரையே பாருங்கள். ஆங்கிலத்தில் நேரடியாக ரொமான்ஸ் என்று சொல்லி விற்கிறார்கள். லண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அன்ட் பூன் பதிப்பகம் முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டுவிட்டு, 1930களில் காதல் கதைகளுக்கே தன்னை ஒதுக்கிக்கொண்டது. பிறகு அந்தப் பெயரே ஒரு வகைக்கான பெயராகிவிட்டது. தமிழில் அதே இடத்தில் இருப்பது 'குடும்ப நாவல்'. அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்பார்கள், உள்ளே முந்நூறு பக்கமும் அவர்கள் இருவருடைய மனம்தான், ஆனாலும் பெயர் குடும்ப நாவல். இது வெறும் மறைப்பு என்று ஒரு காலத்தில் நினைத்தேன். காதல் நாவல் வாசிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் கேள்வி வரும், குடும்ப நாவல் என்றால் வராது. அந்த வசதி உண்மைதான். ஆனால் பெயரில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. தமிழ்க் காதல் நாவல்களில் பெரும் பங்கு கல்யாணத்துக்குப் பிறகுதான் காதலைத் தொடங்குகின்றன. கட்டாயத்திலோ, கடனுக்காகவோ, மணவறையில் கடைசி நேரத்தில் மாப்பிள்ளை மாறியோ தாலி ஏறிவிடும். முன்பின் தெரியாத இருவர் ஒரு வீட்டுக்குள் இருப்பார்கள். ஆங்கிலக் கதை எதைத் தேடிப் போய் முடிகிறதோ, அதில்தான் நம் கதை ஆரம்பிக்கும். அதனால் மாமியாரும் நாத்தனாரும் சமையலறையும் இல்லாமல் இந்தக் காதலைச் சொல்லவே முடியாது.

இந்த அமைப்பை லட்சக்கணக்கான கைகளுக்குக் கொண்டுபோனவர் ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அவருக்கு முந்திய தலைமுறையில் லக்ஷ்மி இருந்தார். மருத்துவரான அவர் நீண்ட காலம் தென்னாபிரிக்காவில் வாழ்ந்தவர், 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். சின்னம்மாவின் அம்மா லக்ஷ்மியின் தொடர்கதைகளை வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, மட்டை வைத்து பைண்ட் பண்ணி வைத்திருந்தாராம். இடையில் ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துத் தைத்துவிட்டு, வாசித்த யாரிடமாவது கேட்டு, அந்த வாரம் நடந்ததை அதில் எழுதிவைப்பாராம். அந்தக் கட்டுகளை நான் பார்த்ததில்லை. 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்துபோயின. வெள்ளவத்தையில் அன்று எரிந்த வீடுகளைப் பற்றிக் கதைக்கும்போது யாரும் தொடர்கதைக் கட்டுகளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சின்னம்மா மட்டும் தையல் மெஷினுக்கு அடுத்ததாக அதைச் சொல்லுவார்.

நமக்கென்று காதல் கதைகளே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலக் காதலை வைத்து 'மோகனாங்கி' எழுதியது 1895இல். 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். ஈழத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாக அதைச் சொல்லுவார்கள். கணவனின் கொடுமையைப் பொறுத்துக்கொண்டு வாழும் ஒரு மனைவியின் கதை அது. கல்யாணத்துக்குப் பிறகு காதல் வராமலே போன கதை என்றும் அதைச் சொல்லலாம். பின்னாளில் நாங்கள் அள்ளி அள்ளி வாசித்த குடும்ப நாவல்கள் எல்லாம் அந்தத் தலைப்புக்கு யாரோ திரும்பத் திரும்ப எழுதிய பதில்போல எனக்குத் தோன்றுவதுண்டு.

1970களின் தொடக்கத்தில் அன்றைய அரசாங்கம் இந்திய சஞ்சிகைகள், நூல்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்நியச் செலாவணிப் பிரச்சினையும் உள்நாட்டு வெளியீட்டை வளர்க்கும் எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்த இடைவெளியில்தான் கொழும்பில் வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் தன் நாவல் பிரசுரங்களைக் கொண்டுவந்தது. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973இல் வந்தவை. ஒன்று வன்னிக் காட்டோரத்துக் காதல், மற்றது நெடுந்தீவுக் கடற்கரையின் காதல். 1978இல் 'வாடைக்காற்று' படமாகவும் வந்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இந்திய இதழ்கள் மறுபடி வந்து குவிந்தன, உள்ளூர்ப் பிரசுரம் சுருங்கியது. இலக்கிய வரலாறு இதை ஏற்றமும் இறக்கமுமாகச் சொல்லும். வாசித்த பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு கொஞ்சம் வேறு. புதிய இந்திய நாவல் வராத அந்த ஆண்டுகளில் பழைய பிரதிகள் இன்னும் வேகமாக ஓடின. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு புத்தகம் தெகிவளைக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்ததாகச் சின்னம்மா சொல்லியிருக்கிறார். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

நான் வெள்ளவத்தைக்கு வந்தது 1997இல். அந்த வருடங்களைச் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சரியாக விளக்க முடியாது. காலி வீதியின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் லொட்ஜ்களும் அனெக்ஸ்களும் நிறைந்திருந்தன. வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸ் பதிவோடும் அடையாள அட்டையோடும் அங்கே காத்திருந்தார்கள். பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு, ஸ்பொன்சருக்கு. அதில் ஒரு பெரிய பங்கு கல்யாணம் பேசி முடித்த இளம் பெண்கள். மாப்பிள்ளை கனடாவில், சுவிஸில், பாரிஸில். ஒரு போட்டோ, குறிப்புப் பொருத்தம், கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று எடுக்கும் சில நிமிட ரெலிபோன் அழைப்பு. அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதைத்தால் வெளியில் இருப்பவருக்கும் கேட்கும். அதனால் "சாப்பிட்டீங்களோ", "அங்க குளிரோ" என்பதற்கு மேல் பேச்சு போகாது. சிலர் எழுத்தை முடித்துவிட்டே காத்திருந்தார்கள். சட்டப்படி மனைவி, ஆனால் அந்த மனிதரோடு ஒரு நேரம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

இந்தப் பெண்களின் கைகளில்தான் குடும்ப நாவல் இருந்தது. கல்யாணம் முதலில், காதல் பிறகு என்ற அதே கதை. சென்னையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு வெள்ளவத்தை லொட்ஜ் அறை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் முன்பின் அறியாத ஒருவனின் வீட்டுக்குள் நுழையும் பெண்ணின் முதல் இரவு, முதல் காலை, அவன் கோபக்காரனா, குடிப்பானா, தன்னை மதிப்பானா என்று அவள் சின்னச் சின்னச் செய்கைகளிலிருந்து கணிக்கும் விதம், எல்லாம் அதில் இருந்தன. எங்கள் அனெக்ஸுக்கு மேல்மாடியில் இருந்த ஓர் அக்கா, கதாநாயகன் காய்ச்சலில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் ஓர் அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பார். அவருக்குப் பேசிய மாப்பிள்ளை ஜேர்மனியில் உணவகம் ஒன்றில் வேலை செய்தார். "ஆளுக்குச் சமைக்கத் தெரியும் எண்டு சொன்னவை" என்று ஒருநாள் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. என் ஒன்பது குறிகளில் அந்தப் பூ அவருடையது.

இதைக் கனவுலக மயக்கம் என்று தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் நான் மதிக்கிறவர்களும் உண்டு. நான் அந்த அறைகளில் பார்த்ததோ ஒருவகை ஒத்திகை. தன் வாழ்க்கையில் அடுத்து நடக்கப்போவதைப் பற்றி அம்மாவிடம் கேட்க முடியாது, மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. நாவலின் கதாநாயகியைப் பற்றி என்றால் நான்கு பேர் இருந்து மணிக்கணக்கில் கதைக்கலாம். "அவள் அண்டைக்கே வாய் திறந்திருக்கோணும்" என்று ஒருவர் சொன்னால், அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என்று மற்ற மூன்று பேருக்கும் விளங்கும். சங்க அகப்பாடல்களில் தலைவி தன் மனத்தைத் தலைவனிடம் திறந்ததைவிடத் தோழியிடம் திறந்ததுதான் எத்தனை. காதலைச் சொல்வதற்கு மூன்றாவதாக ஓர் ஆள் தேவைப்படுகிறது. சங்கப் புலவர் ஈழத்துப் பூதன்தேவனார் பாடியதாகத் தொகை நூல்களில் உள்ள ஏழு பாடல்களும் அகத்திணைப் பாடல்களே. இரவல் கொடுக்கிறவள் அந்தத் தோழியின் வேலையைத்தான் செய்கிறாள்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கமாக அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. அரைமணி நேரத்தில் அறையைக் காலி செய்தவர்கள் என்னென்ன எடுத்துப் போனார்கள், என்னென்ன விட்டுப் போனார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் ஒழுங்கையில் விட்டுப்போன சாமான்களுக்கிடையில் சொப்பிங் பாக் ஒன்றில் சுற்றிய மூன்று நாவல்கள் இருந்தன. இரண்டு எங்களுடையவை. மூன்றாவது யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை.

இனி முடிவைப் பற்றி. இரவல் கேட்பவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "முடிவு நல்லதோ?" எழுதியவர் யார், கதை என்ன என்பதெல்லாம் பிறகு. முடிவு தெரிந்த கதையை ஏன் வாசிக்க வேண்டும் என்று இலக்கியம் படித்தவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் இதையே ஒரு ஊர்ப் பெண்களிடம் போய்க் கேட்டு 1984இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்த ஊரில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்த பெண், வந்த காதல் நாவல்களை எல்லாம் வாசித்து, எது நல்லது எது வேண்டாம் என்று தன் வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு வாசகர் வட்டமே உருவாகியிருந்தது. வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி முடிவைச் சரிபார்த்துக்கொள்ளும் பெண்கள் அதில் இருந்தார்கள். வாசிக்கும் நேரம் தங்களுக்கே உரிய நேரம், அப்போது தாங்கள் யாருக்கும் தாயுமில்லை மனைவியுமில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். முழு நூலிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைக்காரப் பெண்ணைத்தான். எங்கோ ஒரு அமெரிக்க ஊரில் என் சின்னம்மாவின் வேலையைச் செய்தவர் அவர்.

முடிவு தெரிந்தால்தான் நடுவில் துணிந்து அழ முடியும். வெளியே எதற்கும் உத்தரவாதமில்லாத காலத்தில் இதன் பொருள் இன்னும் ஆழமானது. 1996 ஜனவரி 31இல் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடத்தைத் தாக்கிய குண்டுக்குப் பிறகு, வேலைக்குப் போன ஒருவர் மாலை வீடு திரும்புவாரா என்பது இந்த நகரத்தில் எல்லா மொழிக்காரருக்கும் தினக் கேள்வியாக இருந்தது. அப்படி ஒரு நாளின் இரவில் 280ஆம் பக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்துகொண்டு 150ஆம் பக்கத்தின் துயரத்தில் இறங்கலாம். யதார்த்தமான நாவல் அந்த இரவில் என்னைத் தூங்கவிடவில்லை. இது விட்டது. நன்றிக்கடன் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமலா? இருக்கிறது, அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. கதாநாயகன் அறைகிறான், பிறகு அது அன்பின் மிகுதி என்று சொல்லப்படுகிறது. சந்தேகப்படுகிறான், அவள் அழுது அழுது தன்னை நிரூபிக்கிறாள். வேலைக்குப் போகும் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் தானாகவே வேலையை விடுகிறாள். கதாநாயகனுக்கு எப்போதும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. சிவப்பு நிறம் அழகுக்கு மறுபெயராக வருகிறது. இளவயதில் இவற்றை நான் கேள்வி கேட்காமல் விழுங்கினேன். எங்கள் வகுப்பில் ஓர் ஆசிரியை என் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து, எல்லோர் முன்னாலும் 'குப்பை' என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அந்தக் கதாநாயகன் செய்தது சரியா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பத்து வருடம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டது சின்னம்மாதான். அறைகிற கதாநாயகன் உள்ள புத்தகத்தைத் தரும்போது அவர் சொல்லுவார்: "கதை நல்லாத்தான் போகும். ஆனா இவனை மன்னிக்கிறதோ இல்லையோ எண்டதை நீ முடிவெடு." நான் இப்போது என் மருமகளுக்குப் புத்தகம் கொடுக்கும்போதும் அதைத்தான் சொல்கிறேன். குப்பை என்று பூட்டி வைத்தால் பிள்ளை அதைத் தனியாக வாசிக்கும். தனியாக வாசிப்பதுதான் ஆபத்து.

கொழும்புத் தமிழ் வாசகி என்றால் யாழ்ப்பாணத்துப் பெண் என்று நினைத்துவிடவும் கூடாது. புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள், ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து ஆறு பேராக ஓர் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், ஒரே நாவலை முறைவைத்து வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் முடித்தவள் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். என்னோடு வேலை செய்த மாளிகாவத்தைத் தோழி ஒருத்தியின் உம்மா, நோன்பு மாதத்தில் நாவல் பக்கம் போகமாட்டார். பெருநாள் கழிந்த அடுத்த நாள் மகளிடம் "அந்தப் புள்ள கிட்ட புதுசு ஏதாச்சும் இருக்கான்னு கேளு" என்று சொல்லி அனுப்புவார். அந்தப் புள்ள நான்தான். சிங்களத்தில் இந்த வாசிப்புக்கு இதைவிடப் பெரிய வரலாறு உண்டு. கருணாசேன ஜயலத்தின் 'கொளு ஹதவத' பாடசாலைக் காதலைச் சொன்ன நாவல். 1968இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சிங்கள அக்கா அதை எனக்கு ஒரு மதிய இடைவேளையில் தொடங்கி மூன்று நாள் சொல்லி முடித்தார். வாயால் இரவல் தந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2022இல் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். காகிதம் இறக்குமதி செய்யப் பணமில்லாமல் மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அந்த மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் நம் பணத்தில் மூன்று ரூபாய்க்குள் இருந்தது. ஆண்டின் நடுப்பகுதியில் அது நாலரையைத் தாண்டிவிட்டது. சென்னையில் 200 ரூபாய் விலை போட்ட ஒரு நாவல், கப்பல் கூலியும் கடைக்காரரின் இலாபமும் சேருமுன்பே 900 ரூபாய்க்கு மேல் வந்து நின்றது. பிறகு 2024 ஜனவரியில் புத்தகத்துக்கும் 18 வீத வற் வரி வந்தது. மா, பால்மா, காஸ் வரிசைக்குப் பிறகு நாவல் வாங்க யாரிடம் மிச்சம் இருந்தது? 2022 ஏப்ரலில் எங்கள் தொடர்மாடியில் ஒரு பெண் கீழ்த்தள மின்மானிப் பெட்டிக்கு மேல் ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்து அதில் ஆறு நாவல்களைப் போட்டுவிட்டுப் போனார். யாரும் யாரையும் கேட்கவில்லை. எடுத்தார்கள், வைத்தார்கள், கூடுதலாகவும் வைத்தார்கள். மின்சாரம் இல்லாத மாலைகளில் படிக்கட்டில் காற்றுக்காக இருந்தபோது மூன்றாம் மாடிக்காரரும் முதலாம் மாடிக்காரரும் முதல்முறையாக ஒருவரோடொருவர் கதைத்தது ஒரு கதாநாயகனின் பிடிவாதத்தைப் பற்றித்தான்.

இவ்வளவு வாசித்த பிறகும் எனக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. நாங்கள் வாசித்த காதல் எல்லாம் அண்ணா நகரிலும் கொடைக்கானலிலும் நடந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டது. அண்ணா நகர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே அதன் தெருக்களை மனப்பாடம் செய்தோம். எங்கள் நகரத்தில் காதலுக்கு இடமில்லாமலா? காலி முகத்திடலில் பட்டப்பகலில் குடைக்குக் கீழே முகம் மறைத்து இருக்கும் சோடிகளைப் பார்க்காத கொழும்புக்காரர் உண்டா? ஒரு அறையும் ஒரு ஹோலும் உள்ள தொடர்மாடி வீடுகளில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். தனித்திருக்க ஒரு குடையளவு நிழல்தான் கிடைக்கிறது. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நடந்து போகிறவர்கள், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரே தரிப்பிடத்தில் ஏறி வேறு வேறு இருக்கையில் இருப்பவர்கள், சோதனைச் சாவடியில் ஒருவர் அடையாள அட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் என்று இந்த நகரத்தின் காதல் கதைகள் எத்தனை. 1970களின் உள்ளூர் நாவல்களில் நான் வாசித்தவை வன்னிக்கும் தீவுகளுக்கும் போயின. என் ஒழுங்கைக்கு வரவில்லை.

அது இப்போது கொஞ்சம் மாறுகிறது. இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் காதல் தொடர் எழுதும் பெண்களில் ஈழத்தவர் பலர் இருக்கிறார்கள். சிலர் இங்கே, சிலர் ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுதுகிறவர்கள். அவர்களுடைய பாத்திரங்கள் 'கதைக்கிறார்கள்', 'விளங்குகிறது' என்கிறார்கள், 'ஓமோம்' என்று தலையாட்டுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு காதல் என்ற பழைய அமைப்பு அங்கேயும் இருக்கிறது. ஆனால் விசாவுக்காகக் காத்திருக்கும் மனைவியின் பக்கத்திலிருந்து அது எழுதப்படும்போது, எங்கள் மேல்மாடி அக்கா தனக்குள் மொழிபெயர்த்து வாசித்ததை அடுத்தவள் மொழிபெயர்க்காமலே வாசிக்கலாம்.

என் மருமகள் ஆங்கில மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஒரு பக்கத்துக்கு மேல் பொறுமை இல்லை. அவளுக்கு ஆங்கிலக் காதல் நாவல்கள் போதும். போன மாதம் ஓர் ஈழத்துத் தொடரை நான் தொலைபேசியிலிருந்து அவளுக்கு உரக்க வாசிக்கத் தொடங்கினேன். நாலாவது அத்தியாயத்தில் கதாநாயகன், மழையில் நனைந்து வந்தவளைப் பார்த்து, "விசரி, குடை கொண்டு வரத் தெரியாதோ?" என்று கேட்கிறான். படுத்திருந்த மருமகள் எழும்பி இருந்துவிட்டாள். அந்தச் சொல்லை, அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அவள் கேட்டிருக்கிறாள்.

"மாமி, இப்பிடியும் எழுதலாமா?"

"எழுதியிருக்கினமே."

"திருப்பி வாசியுங்கோ, அந்த இடத்தை."

இப்போது பதினெட்டாவது அத்தியாயத்தில் இருக்கிறோம். எழுதுகிறவர் இன்னும் முடிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும்தான் புதிய அத்தியாயம் வரும்.